டேங்குக்குள் ஒரு துணி

ரேஸ் மைதானத்தின் கடைசி வளைவைத் தாண்டி மஞ்சள் கார் நேர்பாதையில் வந்து விழுந்ததும்தான் திருமூர்த்திக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. வந்துவிட்டாள். இந்தச் சுற்றும் வந்துவிட்டாள். மகள் ஓட்டுகிற வண்டி கண்ணெதிரே போகும்போது ஒரு அப்பனுக்குப் பெருமை வர வேண்டும், மீசையை முறுக்கத் தோன்ற வேண்டும், இவருக்கு என்னடாவென்றால் வண்டி எப்போது நிற்கும் என்றிருந்தது. வண்டி சுவரோரமாகச் சீறிக்கொண்டு போனது, அவளுக்குச் சைகை காட்ட அவர் கையில் வைத்திருந்த பலகை காற்றில் ஆடியது, முதல் வளைவில் பிரேக் பிடிக்கையில் புகைக்குழாயிலிருந்து நெருப்பு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க்கொண்டது, அப்புறம் மேட்டுக்கு அந்தப்பக்கம் சௌபர்ணிகா மறைந்து வெறும் சத்தமாகிவிட்டாள். இனி அவள் திரும்பி வரும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். துணியை எடுத்தேனா? எடுத்தேன். எடுக்காமல் யாராவது டேங்கை மூடுவார்களா, இத்தனை வருஷமாக இதே பிழைப்பு, கோயமுத்தூரில் ரேஸ் வண்டிக்கு டேங்க் என்றால் திருமூர்த்தி பட்டறை என்று பேர், எடுத்திருப்பேன். பார், எடுத்தேன் என்று ஆரம்பித்தது அதற்குள் எடுத்திருப்பேன் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு சுற்று போனால் என்ன ஆகுமோ. காலையில் மெஸ்ஸில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தபோது வந்த சந்தேகம் இது. மேஜை துடைக்க வந்த பெண்ணின் கையில் ஈரத்துணி ஒன்று இருந்தது, அதைப் பார்த்தார், இட்லி தொண்டையிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்து இட்லியை இறக்கிவிட்டார். சந்தேகம் இறங்கவில்லை.

அந்த டேங்க் பிறக்கும்போது இப்படிப்பட்ட வேலைக்கென்று பிறந்ததல்ல. உழவர் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை மருதமலை அடிவாரம்வரை போய்வருகிற சாது வண்டியின் டேங்க். அந்த வண்டிக்கு சௌபியும் அவளுடைய மெக்கானிக் ஜெரால்டும் சேர்ந்து டர்போவை மாட்டி, இன்ஜினைப் பிரித்து மேய்ந்து, பழைய குதிரைசக்தியைப்போல மூன்று மடங்குக்கு ஏற்றிவிட்டார்கள். இப்போது அது பெட்ரோலைக் குடிக்கவில்லை, மொடாக்குடி குடிக்கிறது. வளைவில் வேகமாகத் திரும்பினால் டேங்குக்குள் இருக்கிற பெட்ரோல் முழுக்க ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும், அரைக்குடம் தண்ணீரோடு டவுன் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு அது தெரியும். பம்ப்பின் வாய் அந்தக் கணம் காய்ந்துபோய்க் காற்றை உறிஞ்சும். சாது வண்டியாக இருந்தால் ஒரு இருமலோடு போகும். முழு மூச்சில் ஓடுகிற இன்ஜினுக்குப் பெட்ரோல் ஒரு கண்சிமிட்டல் நின்றாலும் போதும், சூட்டில் பிஸ்டன் உருகி ஓட்டையாகும், இன்ஜின் இறுகும், சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும். அதுவும் வளைவில். அந்த வேகத்தில். அதற்கு மேல் அவர் மனசு போகாமல் நின்றுகொள்ளும், பிறகு போகும். அதற்காகத்தான் டேங்கை நாள்கணக்கில் கழுவி, ஆவி பிடித்து, அறுத்து, குறுக்கே தடுப்புத் தகடுகள் வைத்து, நடுவில் ஒரு பெட்டி கட்டி, பெட்டிக்கு உள்பக்கமாக மட்டும் திறக்கிற சின்னச் சின்னக் கதவுகள் போட்டார். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து இறங்கிவிட்ட பெரியம்மா மாதிரி, உள்ளே வந்த பெட்ரோல் லேசில் வெளியே போகாது. பெட்டிக்குள் இரண்டு பம்ப்புகள். எப்பேர்ப்பட்ட வளைவிலும் அவற்றின் வாய் காயாது. வேலை முடிந்த அன்று ஜெரால்டு டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்து, "அண்ணா, இதுக்குள்ள நானே குடியிருக்கலாம் போலிருக்குதுங்ணா" என்றான். அந்தப் பெட்டிக்குள்ளேதான் துணி. இருந்தால். டேங்க் நிறைய இருக்கும்வரை மேலே மிதந்துகொண்டு கிடக்கும், ஒன்றும் செய்யாது. சுற்றுக்குச் சுற்று பெட்ரோல் இறங்கும், கூடவே துணியும் இறங்கும், பம்ப்பின் வாய்க்குப் பக்கத்தில் வரும்.

மேட்டுக்கு அந்தப்பக்கம் சத்தம் ஏறியது, இறங்கியது, ஏறியது. கியர் மாற்றுகிறாள். அது இருமல் இல்லை. அன்றைக்குப் பட்டறையில் பனியன் வேஸ்ட் தீர்ந்துபோனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிற கழிவுத்துணி, பாதி அச்சான வாத்து, முக்கால் பூனை, ஒற்றைக் கை என்று எந்த நாட்டுக் குழந்தைக்கோ போகாமல் போன சட்டைகள். மூட்டையின் அடியில் மிச்சமிருந்தது கிரீஸில் ஊறிக்கிடந்தது. மேல்மூடியின் போல்ட் ஓட்டைகளுக்கு அரம் போட வேண்டும், அரத்தூள் பெட்டிக்குள் விழக் கூடாது, வாயை அடைக்கச் சுத்தமான துணி வேண்டும். வெளியே போய் பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தார். இன்ஷூரன்ஸ் காகிதம், ஸ்பேனர், அவற்றுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு துண்டு. காப்பிப்பொடி நிறம், சின்னச் சின்ன வெள்ளைப் பூ. மனைவி வசந்தாமணியின் நைட்டி. பைக் சீட்டைத் துடைக்க அவளே கிழித்து வைத்தது. துணி கிழிப்பது என்றால் அவளுக்குக் கத்திரிக்கோல் ஆகாது. விளிம்பைப் பல்லால் கடித்து ஒரு வெட்டு, அப்புறம் இரண்டு கையாலும் ஒரே இழு, அந்தச் சத்தம் வாசல்வரை கேட்கும். துணிதானே என்று சொல்லிக்கொண்டார். சத்தமாகவே சொன்னார் என்று நினைவு. எந்தத் துணியும் வாலில்லாமல் டேங்குக்குள் போகக் கூடாது என்பது அவர் பட்டறையின் சட்டம். துணியின் ஒரு முனையைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி, கம்பியை வெளியே தொங்கவிட வேண்டும். மூட வரும்போது கம்பி கண்ணைக் குத்தும், மறக்க முடியாது. இந்தச் சட்டத்தை மீறிய ஆட்களை அவர் திட்டிய திட்டு சிங்காநல்லூர்வரை கேட்டிருக்கிறது. அன்றைக்குக் கம்பியை எடுத்தார், நைட்டித் துண்டின் முனையைச் சேர்த்துப் பிடித்தார், ஒரு சுற்று சுற்றினார். அப்போது அவர் கண்ணில் பட்டது கட்டுக்கம்பி அல்ல. கூடத்தில் பாயில் கிடந்த வசந்தாமணியின் கால்கள். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து யாரோ ஒரு துணிக்கிழிசலால் கட்டியிருந்தார்கள். போன தைக்கு முந்தின வாரம். அவ்வளவு இறுக்கமாகக் கட்ட வேண்டுமா, அவளுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகாதா என்று அவருக்கு அன்றைக்குத் தோன்றியது. கம்பியைச் சுற்ற கை வரவில்லை. அவிழ்த்துப் போட்டுவிட்டு, வாலில்லாமலே துணியைப் பெட்டியின் வாயில் திணித்தார்.

"அண்ணா, எல்லாம் பச்சையா இருக்குதுங்ணா" என்றான் ஜெரால்டு. பின்னால் ஷெட் நிழலில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். "பெட்ரோல் பிரஷர் சும்மா கல்லு மாதிரி நிக்குது. உங்க டேங்க்குக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்." கும்பிடு, நன்றாகக் கும்பிடு. பிரஷர் விழுந்தபிறகுதான் உன் லேப்டாப் அதைச் சொல்லும், விழுவதற்கு முன்னால் சொல்ல அதற்கு என்ன ஜோசியமா தெரியும்? வண்டி மறுபடி வந்தது, போனது, கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை ஹெல்மெட் மட்டும் ஒரு தீற்றல். பலகையைத் தூக்க வேண்டியதுதானே? உள்ளே வா என்று அம்பு போட்ட பலகை, அவர் கையிலேயே இருக்கிறது, திருப்பிப் பிடித்தால் முடிந்தது காரியம். அங்கேதான் சிக்கல். சுவருக்கு அந்தக் கோடியில் சென்னையிலிருந்து வந்த மனிதர் ஸ்டாப்வாட்சும் தானுமாக நிற்கிறார், அவருடைய அணியில் ஒரே ஒரு இடம் காலி, இன்று காலை ஓட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவுசெய்கிறேன் என்றிருக்கிறார். சௌபி இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தாள். அதோடு அவள் சொல்லியிருந்தாள். அம்மா போனதிலிருந்து இவர் அவளை நடுவில் நிறுத்தியது ஒருதரமா இரண்டுதரமா? ஒருமுறை ஏதோ சத்தம் கேட்டது என்றார், ஒருமுறை எரிகிற வாடை என்றார், இன்னொருமுறை காரணம் சொல்லவே வாய் வரவில்லை, விடியற்காலைக் கனவை எப்படிச் சொல்வது. ஒவ்வொரு முறையும் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. போன மாதம் அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அப்பா, இனி காரணமில்லாம என்னை உள்ள கூப்பிட்டீங்கன்னா ஹெல்மெட்டைக் கழட்டி வெச்சுட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்கப் போயிருவேனுங். உங்க பயத்தையும் சேர்த்து ஏத்திக்கிட்டு என்னால ஓட்ட முடியல." இவர் தலையை ஆட்டினார். ரசத்தை ஊற்றிக்கொண்டார். அது சௌபி வைத்த ரசம், உப்பு கூடுதல்.

சந்தேகப்படுகிற வேலையை இத்தனை காலமும் வசந்தாமணி பார்த்துக்கொண்டாள், அதுதான் விஷயம். ஏனுங், கேஸை மூடுனீங்களா, ஏனுங், மோட்டாரை அணைச்சீங்களா, ஏனுங், கதவை இழுத்துப் பாத்தீங்களா. பஸ் ஸ்டாண்டுவரை போனபிறகு திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரச்சொன்ன நாளும் உண்டு, போய்ப் பார்த்தால் பூட்டு பூட்டினபடி தொங்கும், இவர் அவளைப் போட்டுக் காய்ச்சி எடுப்பார். உனக்கு ஒரு கிறுக்குடி என்பார். அவள் சிரித்துக்கொண்டே, "கிறுக்குன்னா கிறுக்கு, இப்பத்தான் நிம்மதியா ஜன்னல் சீட்டுல உக்காருவேன்" என்பாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பயந்துகொண்டாள், அதனால் இவர் பயமில்லாமல் வெல்டிங் வைத்துக்கொண்டு திரிந்தார். இப்போது அவளுடைய கிறுக்கை இவர் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுடைய மற்ற சாமான்களைத்தான் இவருடைய அக்கா விட்டுவைக்கவில்லை. கருமாதி முடிந்த கையோடு பீரோவைத் திறந்து சேலையெல்லாம் பங்காளி வீட்டுப் பெண்களுக்கு, மிச்சமெல்லாம் மூட்டை, மூட்டை எங்கே போனதோ. "வீட்ல வெச்சிருந்தா அவ போகமாட்டாடா தம்பி" என்றாள் அக்கா. போகாவிட்டால் இருக்கட்டுமே, அவளை யார் போகச் சொன்னது? கேட்கவில்லை. அக்காவிடம் கேட்டுப் பழக்கமில்லை. சத்தம். அது என்ன சத்தம்? அந்தப்பக்க வளைவில், ஏறிக்கொண்டிருந்த சத்தத்தில் ஒரு பள்ளம். கால் எடுத்தாளா? அங்கே கால் எடுக்க மாட்டாளே. ஜெரால்டைத் திரும்பிப் பார்த்தார், அவன் பாட்டுக்கு வடையைத் தின்றுகொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தம். சத்தம் மறுபடி ஏறிவிட்டது. எடுத்தேன், எடுத்தேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இரண்டு விரலால் பிடித்து எடுத்தேன்.

ஆமாம், இரண்டு விரல். அதைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும், நடுவில் மெத்தென்று ஒரு துணி, அதைப் பற்றி இழுக்கப் போகிற அந்தக் கணம் தெளிவாக இருக்கிறது, இது பொய்யாக இருக்க முடியாது. மேலே டியூப்லைட் எரிகிறது. பட்டறையில் டியூப்லைட் உண்டு. சரி. குளிர்ச்சியாக இருக்கிறது, விரலில் குளிர்ச்சி, தகடு என்றால் குளிரத்தான் செய்யும். சரி. பக்கத்தில் யாரோ அழுகிறார்கள். பட்டறையில் எவன் அழுவான்? அப்புறம் ஊதுவத்தி வாடை. திருமூர்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டார். அது துணி இல்லை. அது பஞ்சு. கூடத்தில் அவள் மூக்கில் வைத்திருந்த பஞ்சு. கடைசி நாலு நாளும் மூச்சுக்கு அவள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர், ஒவ்வொரு இழுப்புக்கும் தோள்பட்டை தூக்கித் தூக்கிப் போட்டது, அப்படிப் பாடுபட்டவள் மூக்கில் இந்த மடையர்கள் பஞ்சை அடைத்து வைத்திருக்கிறார்களே, எப்படி மூச்சு விடுவாள் என்று குனிந்து இரண்டு விரலால் அதைப் பற்றினார். அக்கா கையில் அடித்தாள். "தம்பி, கையை எடுறா." எடுத்தது கையைத்தான். பஞ்சை எடுக்கவில்லை. எடுத்ததாக அவருக்கு இருக்கிற ஒரே ஞாபகம் இது, இதிலும் எடுக்கவில்லை. டேங்குக்கு என்று தனியாக ஒரு ஞாபகமும் இல்லை, துணியைத் திணித்தது இருக்கிறது, அரம் போட்டது இருக்கிறது, போல்ட்டை முடுக்கியது இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. பள்ளம். வண்டி கடைசி வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. இடம் போனால் போகட்டும், அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும், பேங்க்கில் உட்கார்ந்து நோட்டு எண்ணட்டும், உயிரோடு எண்ணட்டும். திருமூர்த்தி பலகையைத் திருப்பி, சுவருக்கு மேலே எக்கி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

அவள் உள்ளே வந்தாள். ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, இறங்கினாள். முகம் வியர்வையில் குளித்திருந்தது. சென்னைக்காரர் ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டதை அவள் பார்த்ததை இவர் பார்த்தார்.

"என்னாச்சுங்ப்பா? எனக்கு ஒண்ணும் தெரியலையே, வண்டி நல்லாத்தானே போச்சு?"

"டேங்க்குக்குள்ள ஒரு துணியை விட்டுட்டேன் சாமி."

"விட்டுட்டீங்களா, விட்டிருப்பீங்களா?"

அவர் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். அவளுக்கு அது போதும். டிக்கியைத் திறந்து விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நின்றாள். ஜெரால்டு தீயணைப்பு உருளையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான், போல்ட்டுகளைக் கழற்றினான், பம்ப்புகளோடு மேல்மூடியைத் தூக்கிப் பிடித்தான். பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. திருமூர்த்தி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கைவரை உள்ளே விட்டார். பெட்ரோல் சில்லென்று இருந்தது. பெட்டியின் இந்த மூலை. அந்த மூலை. அடித்தகடு. கதவுகளை விரலால் தள்ளிப் பார்த்தார், ஒவ்வொன்றும் அவர் பழக்கிவிட்டபடி உள்பக்கமாகத் திறந்து மூடிக்கொண்டது. துணி இல்லை. நூல்கூட இல்லை.

"இருக்குதுங்ளா?" என்றாள் சௌபி, திரும்பாமலே.

"இல்ல சாமி."

நெஞ்சிலிருந்து பாரம் இறங்க வேண்டும். வளைவில் எதுவும் நடந்திருக்காது, பிள்ளைக்கு ஒரு ஆபத்தும் இருந்திருக்காது, தெய்வமே என்று கும்பிட வேண்டும். பாரம் இறங்கவில்லை, வேறு இடத்தில் போய் உட்கார்ந்தது. இங்கே இல்லையென்றால் எடுத்திருக்கிறார். எடுத்திருந்தால் அதில் முழுக்க அரத்தூள் ஒட்டியிருக்கும், அதை யாரும் மடித்து வைக்க மாட்டார்கள். குப்பை டிரம்மில் போட்டிருப்பார். டிரம்மை அன்று சாயங்காலமே கார்ப்பரேஷன் வண்டியில் கவிழ்த்தாயிற்று. அக்கா மூட்டை கட்டிக் கொடுத்தபோது அவருக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது, அந்த மூட்டைக்குத் தப்பி, பைக் பெட்டியில் ஒரு வருஷம் பதுங்கிக் கிடந்த ஒரே ஒரு துண்டை இவரே, இந்தக் கையே, தூக்கிப் போட்டிருக்கிறது. போட்டது ஞாபகம்கூட இல்லை. உள்ளே இருந்திருந்தால் ஆபத்து. ஆனால் இருந்திருக்கும். பார்த்த மூலையையே மறுபடியும் தடவினார். பெட்டிக்கு வெளியே, தடுப்புத் தகடுகளுக்கு நடுவில், துணி போகவே வழியில்லாத இடத்தில் எல்லாம் தடவினார்.

"இல்லைன்னுட்டீங்களே, அப்புறம் என்னத்தைங்ப்பா தேடறீங்க?" சௌபி இப்போது திரும்பியிருந்தாள். "பனியன் வேஸ்ட்டுத்தானுங்களே."

"உங்கம்மா நைட்டி."

ஜெரால்டு மூடியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான், இவரைப் பார்த்தான்.

"எந்த நைட்டிங்?"

"காப்பிப்பொடி கலரு. வெள்ளைப் பூப் போட்டது."

அவள் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். ஜெரால்டு தொண்டையைச் செருமினான். "அண்ணா, உள்ள ஒண்ணுமில்லைன்னா மூடிரலாங்ணா. டைம் இன்னும் முடியல, இப்ப விட்டாக்கூட ரெண்டு ரவுண்டு கெடைக்கும். அந்தச் சார் இன்னும் போகல பாருங்க. சௌபி, ஹெல்மெட்டை மாட்டு."

சௌபர்ணிகா சென்னைக்காரர் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தாள். கையுறையைப் பல்லால் கடித்து உருவி எறிந்தாள். "கொஞ்சம் தள்ளுங்ப்பா, உங்க கை பெருசு" என்று சொல்லி, அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, தோள்வரை கையை உள்ளே விட்டாள்.

"இருங்கண்ணா, மூடாதீங்க" என்றாள் ஜெரால்டிடம். "அந்தக் கதவுக்குப் பின்னால இன்னும் பாக்கலை."